சோடி இல்லாத சொல்

கதிர்காமத்தம்பி அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் என்னுடைய பிழையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நானே சொல்லிவிட்டால் வேறு யாரும் வந்து இரண்டு கூட்டிச் சொல்லத் தேவையில்லை பாருங்கள்.

ஆரையம்பதியில், காத்தான்குடிக்குப் போகும் பிரதான வீதியில், எனக்கு பெனர் அடிக்கும் கடை இருக்கிறது. கல்யாணம், சாமத்தியம், கோயில் திருவிழா, மரண அறிவித்தல், எதுவென்றாலும் அடிப்பேன். தமிழில் ஒரு கொம்பு, ஒரு புள்ளி தவற விடமாட்டேன். ஆங்கிலம் என்றால் நிலைமை வேறு. தருகிற தாளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடிப்பேன். அர்த்தம் கேட்டால் விழிப்பேன். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மெதடிஸ்ற் குடும்பத்தில் வயதானவர் ஒருவர் காலமானார். கனடாவிலிருந்து உறவுக்காரர் வந்திருந்தபடியால் ஆங்கிலத்திலும் ஒரு பெனர் வேண்டும் என்றார்கள். பேரப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அதைச் சந்தியில் கட்டி அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. சைக்கிளைக் கடைவாசலில் சாத்திவிட்டு, வெள்ளைச் சேட்டும் சாரமுமாக ஒரு மனிதர் உள்ளே வந்தார்.

"சந்தியில தொங்குறது நீ அடிச்ச பெனரா?"

"ஓம்."

"செத்த மனிசனப் போய் வருத்தக்காறன் எண்டு போட்டிருக்காய். முதல்ல போய்க் கழட்டு."

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். "நீங்க ஆரு, இங்கிலீசு வாத்தியாரா?" என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இறந்தவர் என்பதற்கு ஒரு சொல்லும் நோய் பிடித்தவர் என்பதற்கு ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டுமே 'டிசீஸ்ட்' தான். ஒரு துண்டுத் தாளில் இரண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டு, "காதக் குடுத்துக் கேள். செத்தவனில பாம்பு சீறும். வருத்தக்காறனில வண்டு இரையும்" என்றார். இரண்டையும் உச்சரித்தும் காட்டினார். உண்மைதான், முதலாவதில் சீறியது, இரண்டாவதில் இரைந்தது. நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடினேன்.

அவர்தான் கதிர்காமத்தம்பி அண்ணன். ஆங்கில வாத்தியார் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவருக்கு இருபத்தொன்பதாவது வயதில் ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. முப்பத்தொரு வருடம் அங்கே வேலை செய்து, வாட்டு அற்றன்டனாக ஓய்வு பெற்றார். சேர்ந்த முதல் கிழமை நடந்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். இரவெல்லாம் வேலை செய்து களைத்துப்போன ஒரு பெரிய டொக்டர், தமிழ் தெரியாதவர், இவரைக் கூப்பிட்டுக் குடிக்கக் கோப்பி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நம்முடைய நீட்டம் கிடையாது. டொக்டர் வாயில் அது குறுகிக் 'கொப்பி' என்று வந்தது. இவர் விழுந்தடித்துக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடி, எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கிவந்து இரண்டு கையாலும் நீட்டினார். டொக்டர் கொப்பியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு வாட்டே அதிரச் சிரித்தார். தாதிமாரும் சிரித்தார்கள். கட்டிலில் கிடந்த நோயாளிகளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்களாம்.

"அண்டைக்குப் பட்ட வெக்கம்தான்டா வின்சன்ற், எனக்கு இங்கிலீசு படிப்பிச்சது," என்பார்.

டொக்டர் வேண்டாம் என்ற அந்தக் கொப்பியிலேயே எழுதத் தொடங்கினார். காதில் விழும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடி தேடினார். வாட்டு என்றால் நோயாளர் படுக்கும் இடம், வேட் என்றால் சொல். ஹீல் என்றால் குதிக்கால், அதே ஹீல் என்றால் புண் ஆறுவது. பில் என்றால் கடைச் சிட்டை, பில் என்றால் விழுங்குகிற குளிசை, பில் என்றால் நிரப்புவது. தாதிமாரிடம் கேட்பார், மருந்துக் கலவை செய்பவரிடம் கேட்பார், ஒருவரும் இல்லாவிட்டால் டொக்டரையே கேட்பார். ஒருமுறை உன்னிச்சையிலிருந்து வந்த கமக்காரர் ஒருவரிடம், நாளைக் காலையில் ஸ்டூல் கொண்டுவா என்று யாரோ சொல்லிவிட்டுப் போக, அந்த மனிதர் அடுத்த நாள் முதல் பஸ்ஸில் முக்காலி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினாராம். மலத்தைத்தான் கேட்டார்கள் என்று காதோடு சொல்லிப் புரியவைத்தவர் நமது அண்ணன்தான். "மனிசன் பாவம், நல்ல முதிரைப் பலகையில செஞ்ச முக்காலி," என்று அதையும் சேர்த்துச் சொல்வார்.

இதெல்லாம் சிரிப்புக் கதை. சிரிப்பில்லாத வேலை ஒன்றும் அவரிடம் இருந்தது. வாட்டில் ஒருவர் இறந்தால் டொக்டர் தலைமாட்டில் தொங்கும் கட்டில் சீட்டில் ஒரு சொல் எழுதுவார்: எக்ஸ்பயர்ட். எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுவார், அவருக்கும் நேரம் இல்லை. வெளியே விறாந்தையில் காத்திருக்கும் சனத்துக்கு யார் போய்ச் சொல்வது? எழுதாத சட்டம்போல அது இவர் தலையில் விழுந்தது. இவர் நின்றுகொண்டு சொல்ல மாட்டார். பக்கத்தில் போய்க் குந்துவார், கையைப் பிடிப்பார், இரண்டு வசனத்தில் சொல்லிவிடுவார். அவர் குந்துவதைப் பார்த்தாலே சனம் அழத் தொடங்கிவிடுமாம். இப்படி முப்பத்தொரு வருடம். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மனம் வராது.

ஓய்வு பெற்ற பிறகு ஊரில் ஆங்கிலக் கடிதம் வந்தால் அவரிடம்தான் கொண்டு போவார்கள். பாங்குக் கடிதம், விசாக் கடிதம், மருந்துச் சிட்டை எல்லாம் அவரிடம் போகும். என் கடைக்கும் ஆங்கிலப் பெனர் வந்தால் அவர் பார்த்துத் தலையாட்டாமல் நான் மெஷினில் ஏற்றமாட்டேன். அவருக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இருக்கட்டுமே, உழைத்துச் சேர்த்த பெருமைதானே.

போன வருடம் வைகாசியில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வதனியின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது.

வதனி எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. புருஷன் ரதீஸ் சவூதியில் ஒரு கட்டடக் கம்பனியில் வெல்டிங் வேலை செய்தான். இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு எட்டு வயது. ஆறு நாளாக ரதீஸிடமிருந்து போன் கோல் இல்லை. அவன் இலக்கத்துக்கு அடித்தால் ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறாள். கூட இருப்பவர்களின் இலக்கம் எதுவும் வதனியிடம் இல்லை. அவள் ஏற்கெனவே சோறு தண்ணி இல்லாமல் இருந்த நேரத்தில்தான் அவனை அனுப்பிய கொழும்பு ஏஜன்சியிலிருந்து அந்த மெசேஜ். முழுக்க ஆங்கிலம். வதனி செருப்பும் போடாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். நானும் அப்போது அங்கேதான், ஒரு பெனரைக் காட்டுவதற்காகப் போயிருந்தேன்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையை நீட்டிப் பிடித்து வாசித்தார். முதலில் ரதீஸின் முழுப்பெயர். அடுத்து எக்ஸ்பயர்ட் என்ற சொல்லும், பன்னிரண்டாம் திகதியும். பிறகு, ஊருக்கு அனுப்ப ஒழுங்கு செய்கிறோம், திங்கட்கிழமை அலுவலகத்தோடு தொடர்பு கொள்ளவும் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அவர் திரும்பவும் வாசித்தார். போனை என்னிடம் தந்தார். வதனி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் குந்தினார்.

சொன்ன இரண்டு வசனத்தையும் நான் இங்கே எழுதவில்லை. வதனி கத்தவில்லை. "அனுப்புறம் எண்டா எப்பிடி மாமா? எதில அனுப்புவாங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஏஜன்சிக்கு அடித்தோம், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே சவூதியிலும் வெள்ளி, சனி லீவு. பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுக்க வதனி வீட்டில் கூடிவிட்டது. வதனியின் தங்கை மேனுகா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருப்பவள், மெசேஜைத் தன் போனில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்தாள்.

"மாமா, இதில வேற மாதிரிக் காட்டுது," என்றாள். "ரதீஸ் காலாவதியானார் எண்டு வருது. காலாவதி எண்டா பால்மாப் பெட்டியில போடுற சொல்லுதானே?"

ஒரு நிமிடம் எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் பிள்ளையை அதட்டவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னார். "புள்ள, மெஷினுக்கு மனிசரத் தெரியுமா? காலமானார் எண்டு பெனரில அடிக்கிறமே, அதுதான் இது. காலம் முடிஞ்சிட்டுது எண்டுறதத்தான் அது அப்பிடிச் சொல்லுது. நான் முப்பத்தொரு வருசமா இந்தச் சொல்லப் பாத்தவன்."

காலாவதி, காலமானார். எனக்கும் சரியென்றே பட்டது. நான் வேறு பெரிய மனிதன்மாதிரித் தலையாட்டினேன். மேனுகா போனை அணைத்துவிட்டு அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

வதனியின் மாமிமார் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அவளுடைய நெற்றிப் பொட்டை அழிக்க ஒருத்தி கையை நீட்டினாள். வதனி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "உடம்பு வரட்டும். நான் என்ர கண்ணால பாத்தாத்தான்." அன்றிரவு அவள் பேசியது அது மட்டும்தான்.

சனிக்கிழமை காலை ஒழுங்கைக்கு வெள்ளைக்கொடி கட்டத் துணி வாங்க நான் காத்தான்குடிக்குப் போனேன். நுஸ்ராவின் துணிக்கடை எனக்குப் பழக்கம், என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல வாயாடி, ஆனால் மனது தங்கம். எட்டு வருடம் ரியாதில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்து இந்தக் கடையைப் போட்டவள். வெள்ளைத் துணி இருபது கஜம் என்றதும் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஆரு மௌத்து?"

செத்தது யாரென்றும், ஆறு நாளாகக் கோல் இல்லாததையும் சொன்னேன். அவள் உச்சுக்கொட்டினாள். "அல்லாஹ்வே, சின்ன வயசு. எப்பிடித் தெரிய வந்த?"

மெசேஜை நான் என் போனுக்கு எடுத்து வைத்திருந்தேன். காட்டினேன். ஒருமுறை பார்த்தாள். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டாள்.

"வின்சன்ற் நானா, இவர் மௌத்தாகல்ல."

"என்ன சொல்றாய்?"

"இது இக்காமாவச் சொல்லுற. அங்க இருக்கிறதுக்கு ஒரு அட்டை குடுப்பாங்க, அதுக்குப் பேர் இக்காமா. அது முடிஞ்சா எக்ஸ்பயர்ட் எண்டுதான் சொல்லுவாங்க. எட்டு வருசம் ஒவ்வொரு நாளும் கேட்ட சொல்லு இது. அட்டை முடிஞ்சா சிம்மையும் வெட்டிப்போடுவாங்க, அதுதான் கோல் இல்ல. மெசேஜ் போட்டவனுக்கு இக்காமா எண்டு ஒரு சொல்லுக் கூட எழுதக் கை வலிச்சிருக்கு."

"அப்ப ஊருக்கு அனுப்புறம் எண்டு போட்டிருக்கே?"

"அட்டை இல்லாட்டி அனுப்பத்தானே வேணும்? மௌத்தானவர இப்பிடிச் சட்டெண்டு அனுப்பவே மாட்டாங்க. அதுக்குக் கடதாசி, கையெழுத்து எண்டு நாள்க்கணக்கில இழுபடும். எங்கட ஒழுங்கையில ஒருத்தருக்கு நடந்தது எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு சற்றுத் தணிந்த குரலில், "நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டன் நானா. நான் கண்டவ இல்ல. ஆனா இந்தத் துணிய உங்களுக்கு வெட்டித் தர மாட்டன். திங்கக்கிழமைக்குப் பொறகு வாங்க," என்றாள்.

வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிய கடைக்காரியை அன்றுதான் பார்த்தேன்.

சைக்கிளை எப்படி மிதித்தேனோ தெரியாது. வதனி வீட்டு வளவில் அண்ணன் பந்தலுக்குக் கம்பு நடுவித்துக்கொண்டிருந்தார். அவரைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"ஆரு அவ? ஆஸ்பத்திரியில வேலை செஞ்சவவா?" என்றார்.

"சவூதியில வேலை செஞ்சவ! மருந்துப் பெட்டியிலயும் இந்தச் சொல்லத்தானே போடுறாங்க அண்ணன், நீங்க பாத்ததில்லையா?"

வாட்டில் பழைய மருந்தை ஒதுக்கும்போது 'டேட் முடிஞ்சது' என்றுதான் அவர்கள் சொல்வார்களாம். அந்தச் சொல் பெட்டியிலும் இருந்ததை அவர் கண்டிருக்கிறார். ஆனால் கட்டில் சீட்டில் இருந்த சொல்லும் அதுவும் ஒன்று என்று அவர் மனம் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. "என்ர கொப்பியில இந்தச் சொல்லு இல்லடா," என்று முணுமுணுத்தார். "இதுக்குச் சோடி இல்லையெண்டு நினைச்சு நான் எழுதவே இல்ல." அப்படியே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, ஒழும்புங்க. போய் வதனிக்கிட்டச் சொல்லுங்க."

"ஏலாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கட வெக்கத்தத் தூக்கி வாவியில போடுங்க அண்ணன்! அங்க ஒருத்தி பட்டினி கிடக்கிறாள்."

"வெக்கமில்லடா," என்றார். "நான் சேந்த புதுசில ஒரு தாய்க்காறி. மகனுக்குப் பாம்பு கடிச்சிருந்திது. அவ அழுதது பொறுக்கேலாம, ஒண்டுமில்ல தாயே, காலையில புள்ள எழும்பிடுவான் எண்டு சொல்லிப்போட்டன். விடியக்கிடையில அவன் போயிட்டான். அந்தத் தாய் என்ர சேட்டப் புடிச்சுக்கொண்டு, நீ சொன்னியே, நீ சொன்னியே எண்டு கேட்டா. அதுக்குப் பொறகு தெரியாத நம்பிக்கைய நான் ஆருக்கும் குடுத்ததில்ல. இப்ப போய் இருக்கான் எண்டு சொல்லி, திங்கக்கிழமை இல்லையெண்டு வந்தா? அவளுக்குப் புருசன் ரெண்டு தரம் சாவான். ரெண்டு தரமும் நான்தான் கொன்றது."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப திங்கள் வரைக்கும் செத்தவனாவே இருக்கட்டும் எண்டுறீங்களா? நுஸ்ரா சொன்னது சரியெண்டா, உசிரோட இருக்கிறவனுக்குப் பந்தல் போடுறீங்க."

பந்தல் கம்பு நடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, வாளியில் கிடந்த தண்ணீரில் முகத்தைக் கழுவி, நேரே வீட்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

வதனி சுவரில் சாய்ந்து இருந்தாள். இந்தமுறை அவர் குந்தவில்லை. பிழை செய்த பிள்ளைபோல அவளுக்கு முன்னால் நின்றார். மாமிமார் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"புள்ள, நேத்து நான் உனக்கு ஒரு சொல்லுச் சொன்னன். அதுக்கு இன்னொரு கருத்து இருக்காம். அட்டை முடிஞ்சாலும் அப்பிடித்தான் எழுதுவாங்களாம். ரதீஸ் செத்திட்டான் எண்டு சொல்லவும் எனக்குத் தெரியாது, இருக்கான் எண்டு சொல்லவும் தெரியாது. எனக்கு... எனக்கு அந்தச் சொல்லுத் தெரியாது புள்ள. தெரியும் எண்டு நினைச்சிட்டன்."

வதனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதெண்டா நேத்தே தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே மாமா," என்றாள்.

சத்தம் போட்டுத் திட்டியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்விக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேனுகா அழத் தொடங்கினாள். மாமிமார் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஒருத்தி அண்ணனைத் திட்டினாள், ஒருத்தி காத்தான்குடிக் கதையைக் கொண்டுவந்த என்னைத் திட்டினாள். அந்த இரைச்சலுக்குள் வதனி எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு குசினிக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

"அடியே, செத்த வீட்டில உலை வைக்கப்படாதுகா!" என்று மூத்த மாமி பதறினாள்.

வதனி அரிசிச் சுளகோடு குசினி வாசலுக்கு வந்தாள். "ஆரு செத்தது?" என்று கேட்டாள். "சொல்லுங்க மாமி, ஆரு? உங்களுக்குத் தெரியுமா?" மாமி மற்ற மாமிமாரைப் பார்த்தாள். "தெரியாதெண்டா சும்மா இருங்க. என்ர புள்ளையள் நேத்துலருந்து ஒழுங்காச் சாப்பிடல்ல."

அந்தச் சனி மதியத்திலிருந்து ஞாயிறு பின்னேரம்வரை அண்ணன் தன் வீட்டு முற்றத்தில் ஒரே கதிரையில் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் கையை அசைப்பார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டு மூன்று பகிடி விட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. வதனி வீட்டுப் பக்கம் ஒரு கதவு சாத்தினாலும் அவர் தோள் துடிக்கும். அவள் வீட்டில் புகை எழும்புவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வேறு செய்தி வந்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்கு உள்ளூரப் பயம் பிடித்தது. நுஸ்ரா இரண்டு தரம் போன் எடுத்து, செய்தி வந்ததா என்று கேட்டாள்.

ஞாயிறு நாலரை மணியிருக்கும். ஒழுங்கையில் கூக்குரல் கேட்டது. அழுகிற குரலா வேறெதுவுமா என்று பிடிபடவில்லை. வதனி ஓடி வந்தாள், கையில் போன், பின்னால் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பாதி ஒழுங்கை. முகமெல்லாம் கண்ணீரும் சளியும். போனை அண்ணனின் காதில் கொண்டுபோய் அழுத்தினாள்.

ரதீஸ் தங்கியிருந்த தொழிலாளர் முகாமில் அடுத்த கட்டில்காரர் லீவு முடிந்து ஊரிலிருந்து புது சிம்மோடு வந்திருந்தாராம், அந்தப் போனில்தான் ரதீஸ் கோல் எடுத்திருந்தான். குரல் எனக்கே கேட்டது. "என்ன கதிர் மாமா, நான் செத்திட்டனாமே?" அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாட்டில் புதிதாக வந்த நோயாளியைப் பதியும்போது கேட்பதுபோல, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பேர் என்ன?"

"மாமா, நான் ரதீஸ்."

"அப்பாட பேர்?"

"நாகமணி. என்ன மாமா இது?"

"வயசு?"

"முப்பத்தாறு."

"எங்கயாவது நோவு இருக்கா?"

சிரிப்பு நின்றுபோனது. "இல்ல மாமா," என்றான் ரதீஸ் மெதுவாக. "ஒரு நோவும் இல்ல. அட்டை முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். அடுத்த கிழமை வாறன்."

அண்ணன் போனை வதனியிடம் நீட்டினார். கதிரையை விட்டு எழும்பினார். முற்றத்து மணலில் அப்படியே குந்தி, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழத் தொடங்கினார். ஒழுங்கைச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன்.

வதனிதான் போனை மகளிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள். அவர் கையைப் பிடித்தாள்.

"ஒழும்புங்க மாமா, சனம் பாக்குது," என்றாள். "ஆரோ செத்த மாதிரிக் கிடந்து அழுறீங்க."